அக்கா ஏற முடியாத வண்டி

கிணற்று மோட்டார் பழுது பார்க்கும், ஊர் 'அலறல்' என்று அழைக்கும் மனிதருக்குச் சுற்றுவட்டாரமெல்லாம் வாடிக்கையாளர்கள். வீட்டில் ஒரே ஓர் அக்கா. வாடிக்கையாளர்களைச் சமாளித்துவிடலாம்.

அக்கா பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தம்பி வீட்டு மாடியறைக்குக் குடிவந்த மறுநாளே, "மேல உட்கார்ந்து சுவத்தையா பார்த்துட்டிருக்கறது?" என்று தம்பியின் பழைய பிக்கப் வண்டியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் இல்லாமல் வண்டி வாசலைத் தாண்டியதில்லை. ஓட்டுவது தம்பி, ஓட்டச் சொல்வது அக்கா. "கியரை மாத்து." "ஹாரன் அடிடா, விரல்ல சுளுக்கா?"

வேலை நடக்கும் இடத்தில் இன்னும் மோசம். தம்பி கையெல்லாம் கிரீஸோடு மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருப்பார். அக்கா வரப்பில் நின்றபடி, "இவன் சின்னதுல தண்ணியைக் கண்டாலே ஊரைக் கூட்டி அலறுவான். இப்ப பாருங்க, கிணத்துக்குள்ளயே குடித்தனம்" என்பார். முதல்முறை அப்படிச் சொன்ன அன்றோடு ஒட்டிக்கொண்ட பெயர்தான் அலறல். தலை நரைத்த மனிதருக்கு இது தேவையா?

'நீ வராதே' என்று சொல்லிவிடலாம்தான். யார் சொல்வது? அக்கா ஒரு பார்வை பார்த்தால், அரைக்கால் சட்டை போட்டிருப்பதுபோல் தம்பிக்குத் தொடை கூசும். ஆனால் அக்காவுக்கு முழங்கால் வலி உண்டு. மாடிப்படி ஒவ்வொன்றையும் திட்டிக்கொண்டேதான் ஏறுவார். இதை யோசித்தபடி பல் துலக்கிக்கொண்டிருந்தபோதுதான் அலறலுக்கு அந்த எண்ணம் வந்தது. வண்டி உயர்ந்துவிட்டால்? வாயில் நுரையோடு தனியாகச் சிரித்தார்.

டயர்க்கடையில், காட்டு வேலைக்குப் போய்வந்த ஜீப்பிலிருந்து கழற்றிய முரட்டு டயர்கள் இரண்டு ஜோடி கிடந்தன. மேலே துருத்திய ஒவ்வொரு ரப்பர் பட்டனும் உள்ளங்கை அகலம்.

"இது எதுக்குண்ணே உங்களுக்கு?" என்றார் டயர்க்கடைக்காரர்.

"சேறு."

"மழை பேஞ்சே மாசக்கணக்காகுது."

"பேயும்ல?"

டயர்க்கடைக்காரர் மேற்கொண்டு கேட்கவில்லை. பெரிய டயர் மாட்டுவது என்றால் அவருக்குக் கொள்ளை ஆசை. ஸ்பிரிங்குக்குக் கீழே கட்டைகள் கொடுத்து வண்டியைத் தூக்கினார். அப்படியும் முன்சக்கரம் மட்கார்டுக்குள் நுழைய அடம் பிடித்தது. கிரைண்டரால் தகட்டின் ஓரத்தை அறுத்து, மிச்சத்தைச் சுத்தியலால் உள்பக்கம் மடக்கினார். எல்லாம் முடிந்து ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பிப் பார்த்தால், இடப்பக்கம் சத்தமில்லை. வலப்பக்கம் 'கர்ர்ர்' என்று உரசியது.

"என்னப்பா இது?"

"வலப்பக்கம் ரொம்ப ஒடிக்காதீங்க, அவ்வளவுதான்."

வீட்டு வாசலில் வண்டியைப் பார்த்த மனைவி, தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையோடு வெளியே வந்தார். "கொக்கு காலுக்கு யானைச் செருப்பா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்ச் சிரித்தார்.

மறுநாள் காலை அக்கா கைப்பையோடு இறங்கி வந்தார். சீட் அவர் நெஞ்சு உயரத்தில் இருந்தது. கதவைத் திறந்தார். மேலே பார்த்தார். கீழே பார்த்தார். கதவைச் சாத்தினார்.

"நீ போய்ட்டு வா தம்பி" என்றார், சாந்தமாக.

அந்தச் சாந்தம் அலறலுக்கு உறைத்திருக்க வேண்டும். அவரோ ஒரே துள்ளாகத் துள்ளி ஏறினார். முதல் துள்ளலில் ஏற முடியவில்லை என்பது வேறு விஷயம்.

வழியெல்லாம் பாட்டுதான். வலப்பக்கம் சந்தில் திரும்ப வேண்டிய இடத்தில், இடப்பக்கமாகவே மூன்று தெருக்களைச் சுற்றி வந்து சேர்ந்தார். அதற்கும் பாட்டுதான். வேலைக்கு வரச்சொல்லியிருந்த தோட்டத்தில் இறங்கியதும் சுருதி இறங்கியது.

"அக்கா வரலையா?" என்றார் தோட்டக்காரர்.

"வரலை."

"அடடா. பேச்சுத்துணைக்கு ஆளிருக்குன்னு வேலையெல்லாம் ஒதுக்கி வச்சேனே." தோட்டக்காரர் ஒதுக்கி வைத்த வேலைகளைத் தேடிப் போய்விட்டார். டீயும் அவரோடு போய்விட்டது.

மோட்டார் எரிந்துபோயிருந்தது, பட்டறைக்குக் கொண்டுபோயாக வேண்டும். எப்போதும் வண்டியின் பின்தளத்தில் மோட்டாரின் விளிம்பை முட்டுக்கொடுத்து, தனியாளாக உள்ளே உருட்டிவிடுவார். இன்று தளம் அவர் தாடைக்கு நேராக நின்றது. வண்டியோடு சீட்டு மட்டுமல்ல, தளமும் உயரும் என்பது அந்த அபாரமான யோசனையில் இடம்பெறவில்லை. முக்கினார், முனகினார், மோட்டாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். கடைசியில் இடுப்பில் 'மளுக்' என்றது. அவர் அலறிய அலறலில் தோட்டக்காரர் ஓடி வந்தார்.

"அக்கா சொன்னப்போ நான் நம்பலைங்க" என்றார்.

அலறல் இரண்டு நாள் பாயில் கிடந்தார். அந்த இரண்டு நாளும் வண்டி வாசலில் இல்லை. கேட்டால், "டயர்க்கடைக்கு அனுப்பியிருக்கேன், சின்ன வேலை" என்றார் அக்கா.

திரும்பி வந்த வண்டியில், அக்காவின் பக்கம் இரண்டு இரும்புப் படிகள் பற்றவைக்கப்பட்டிருந்தன. கால் வழுக்காமல் மேலே ரப்பர். பக்கத்தில் பிடித்துக்கொள்ளப் பளபளவென்று ஒரு கம்பி. அலறல் தன் பக்கம் சுற்றி வந்து பார்த்தார். ஒன்றுமில்லை. மொட்டை.

போனை எடுத்தார். "யோவ், என் பக்கம் படி எங்க?"

"டீச்சர் வேணாம்னுட்டாங்கண்ணே," என்றார் டயர்க்கடைக்காரர். "எனக்கு அஞ்சாங்கிளாஸ் எடுத்தவங்க. டயர் மாட்டின அன்னைக்கே 'எதுக்குடா இது'ன்னு போன்ல கேட்டாங்க. நான் சேறுன்னுதான் சொன்னேன். நம்பலை."

அலறல் போனை வைத்துவிட்டுத் திரும்பினார். அக்கா கைப்பையோடு நின்றிருந்தார்.

"தெரிஞ்சிருச்சா?" என்றார் அலறல், தரையைப் பார்த்து.

"என்னது?"

"ஒண்ணுமில்லை."

"அப்ப ஏறு. நேரமாகுது."

துள்ளினால் இடுப்பு சும்மா விடாது. வேறு வழியின்றி அலறல், அக்கா பக்கத்துப் படிகளில் ஏறி, அவர் சீட்டைத் தாண்டி, கியர் கம்பியில் இடித்துக்கொண்டு, நண்டுபோல் பக்கவாட்டில் நகர்ந்து ஸ்டியரிங்குக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தார். தெருவில் போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஜன்னலில் தையல் மெஷின் சத்தம் நின்றிருந்தது.

பின்னாலேயே அக்கா கம்பியைப் பிடித்து நிதானமாக ஏறி உட்கார்ந்தார். கண்ணாடி வழியே தெருவை ஒரு நோட்டம் விட்டார். மதில்களுக்கு மேலாக எல்லா வீட்டு முற்றமும் தெரிந்தது.

"நல்ல காரியம் பண்ணினேடா," என்றார் மனதார. "இத்தனை நாளா இதெல்லாம் தெரியாமப் போச்சே."