லீற்றருக்குப் பதினேழும் கம்பளையில் நின்ற காரும்

போன வருடம் இதே பக்கத்தில், என் பழைய காரை லீற்றருக்குப் பதினேழு கிலோமீற்றர் ஓட வைத்த கதையைப் பெருமையாக எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு இன்றைக்கும் யாராவது அந்த நுவரெலியா மெக்கானிக்கின் நம்பர் கேட்டு எழுதுகிறார்கள். தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. அந்தப் பதிவு போட்ட பத்தாவது நாள், பெப்ரவரியில் ஒரு புதன்கிழமை, நோர்வூட்டிலிருந்து கண்டிக்குப் போன பயணத்தை இப்போது எழுதுகிறேன். பழைய காரில் பெற்றோல் மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் முழுவதையும் படித்துவிட்டு அப்புறம் நம்பர் கேளுங்கள்.

பயணத்துக்குக் காரணம் என் மனைவி செல்வி. தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பதினோரு வருடங்களாகத் தொண்டர் ஆசிரியை. தொண்டர் என்றால் என்னவென்று மலையகத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நிரந்தர ஆசிரியர் செய்கிற அத்தனை வேலையையும் செய்யவேண்டும், பெற்றோர் சேர்ந்து கொடுப்பதை வாங்கிக்கொள்ளவேண்டும். அந்த வருடம்தான் நிரந்தர நியமனத்துக்கு நேர்முகத் தேர்வென்று கடிதம் வந்தது. கண்டியில், காலை ஒன்பதரைக்கு. வயதெல்லை நாற்பத்தைந்து. செல்விக்கு ஏப்ரலில் நாற்பத்தைந்து முடிகிறது. அடுத்த தடவை என்ற பேச்சுக்கே இடமில்லை.

"ஹட்டன்ல அஞ்சு மணி பஸ்ஸப் புடிச்சா எட்டரைக்கெல்லாம் கண்டிங்க. பஸ்லயே போயிருவோமே" என்றாள்.

"கார் இருக்கும்போது பஸ் எதுக்கு? இப்ப பஸ்ஸுக்குக் குடுக்கிற காசுக்கே கார் ஓடும்" என்றேன். நோர்வூட்டில் ஃபோட்டோக் கொப்பிக் கடை வைத்திருக்கிறவன் நான். அந்த வாரம் கடைக்கு வந்த எல்லோரிடமும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

காரில் செய்த வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எண்பதுகளின் கடைசியில் வந்த ஜப்பான் கார், 1300 சிசி, கார்புரேட்டர். லீற்றருக்குப் பதினொன்றுதான் தந்துகொண்டிருந்தது. பெற்றோல் விற்கிற விலையில் பம்புக்குப் போகும்போதெல்லாம் வயிற்றெரிச்சல். இப்படிப்பட்ட எஞ்சினுக்கு எடைக்கணக்கில் ஒரு பங்கு பெற்றோலுக்குக் கிட்டத்தட்டப் பதினைந்து பங்கு காற்று தேவை. காற்றைப் பதினாறு, பதினேழு பங்காக்கினால் பெற்றோல் மிச்சமாகும். அதற்காக கார்புரேட்டருக்குள் பெற்றோலை அளந்துவிடுகிற ஜெட் என்ற சின்னப் பித்தளைத் துண்டைக் கழற்றி, அதைவிடத் துளை சிறிய ஒன்றைப் போடுவார்கள். நுவரெலியாவில் சிவா பாஸ் என்ற மெக்கானிக் அதைச் செய்து, எஞ்சின் டைமிங்கையும் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தார். கூலி 9,500 ரூபாய், நேரம் மூன்று மணித்தியாலம். சுத்தமான வேலை. அவர்மேல் எந்தக் குறையும் இல்லை.

ஏனென்றால் அவர் சொல்லித்தான் அனுப்பினார். கழற்றிய பழைய ஜெட்டை ஒரு மருந்துப் பைக்குள் போட்டுக் கையில் கொடுத்து, "அண்ணே, இது நுவரெலியா காத்துக்கு வச்சது. இங்க காத்து மெலிசு, அதனால சின்ன ஜெட் தாங்கும். ஹட்டனத் தாண்டிக் கீழ எறங்கினா காத்து கனம், பெற்றோல் பத்தாது, எஞ்சின் வெந்துரும். கண்டி, கொழும்புன்னு போறதா இருந்தா பழச மாட்டிக்கிட்டுப் போங்க. அரை மணி நேர வேலதான்" என்றார்.

தலையாட்டிவிட்டு வந்தேன். அந்த ஜெட் கடை மேசை லாச்சியில் கிடந்தது. மறந்துபோனேன் என்று சொன்னால் பொய். செவ்வாய்க்கிழமை பின்னேரம் லாச்சியைத் திறந்து அதைப் பார்த்தேன். பழையதை மாட்டினால் கண்டிக் கணக்கு பதினொன்றுக்கு இறங்கிவிடும். பிறகு இங்கே எதை எழுதுவது? போதாததற்கு, எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கண்டியும் மலைநாடுதான். கீழே என்றால் கொழும்பு, நீர்கொழும்பு. அந்த நினைப்பும் எனக்கு வசதியாக இருந்தது. லாச்சியை மூடிவிட்டேன்.

புதன்கிழமை காலை 5.30க்குப் புறப்பட்டோம். செல்வி நீலக் கரை வைத்த சேலை கட்டி, சான்றிதழ்க் கோப்பை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். ஹட்டன் 11 கிலோமீற்றர், 5.55. றொசல்ல பக்கம் பனிமூட்டம் இறங்கி முன்னால் போன லொறியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. கினிகத்தேனையில் பிளேன்டீ குடித்தோம், அப்போது 6.45. அங்கிருந்து வலப்பக்கம் திரும்பி நாவலப்பிட்டிக்கு இறங்கவேண்டும். வளைவு அதிகம், சில இடங்களில் பாதை குறுகல், எதிரே பஸ் வந்தால் ஓரங்கட்டுவதைத் தவிர வழியில்லை. முதல் தடவை போகிறவர்கள் இந்தத் துண்டுக்கு நாற்பது நிமிடம் ஒதுக்குங்கள். இறக்கத்தில் கார் சத்தமில்லாமல் போனது. நானும் அடிக்கடி பெற்றோல் முள்ளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன்.

நாவலப்பிட்டி தாண்டி சமதரையில் வேகம் பிடித்ததும்தான் அந்தச் சத்தம் கேட்டது. தகர டப்பாவுக்குள் சில்லறையைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி. எஞ்சின் தட்டுகிறது என்று எனக்குத் தெரியும். நேரமிருந்தது, நிறுத்தியிருக்கலாம், மெதுவாகவாவது போயிருக்கலாம். செல்விக்குக் கேட்காமலிருக்க ரேடியோவைக் கூட்டிவைத்தேன். கம்பளைக்கு இரண்டு கிலோமீற்றர் இருக்கும்போது கார் இழுவை குறைந்து, உதறி, நின்றது. மணி 8.05. கண்டிக்கு இன்னும் 22 கிலோமீற்றர்.

பொனட்டைத் திறந்தபோதே, "நுவர, நுவர" என்று கூவிக்கொண்டு ஒரு பஸ் வந்தது. சிங்களத்தில் கண்டிக்கு அதுதான் பெயர்.

"என்னங்க, கண்டி பஸ். நான் ஏறிக்கிறேனே" என்றாள்.

"பத்து நிமிசம் இரு. பிளக்கத் தொடச்சிப் போட்டாச் சரியாயிரும்."

பஸ் போய்விட்டது. எட்டரைக்கு இன்னொன்று. "மணி எட்டரைங்க" என்றாள். "கூட்டத்துல நசுங்கிப் போனா சேலை என்னத்துக்கு ஆகும்? இந்தா, முடிஞ்சிருச்சு" என்றேன். முடியவில்லை. நான்கு பிளக்கும் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தன, ஒன்றின் முனை உருகியிருந்தது. அதைப் பார்த்த பிறகும் ஸ்டார்ட் செய்துகொண்டே இருந்தேன். மூன்றாவது பஸ் வந்தபோது அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. 9.10க்கு நான்காவது பஸ்ஸை அவளே கைநீட்டி நிறுத்தி ஏறிக்கொண்டாள்.

ஒரு லொறிக்காரர் கயிறு கட்டி இழுத்துப்போய்க் கம்பளையில் ஒரு கராஜில் விட்டார். கராஜ்காரர் முஸ்லிம், அறுபது வயதிருக்கும், எல்லோரும் அண்ணன் என்ற முறையில் நானா என்று கூப்பிட்டார்கள். கம்ப்ரஷன் பார்த்துவிட்டு, மூன்றாவது சிலிண்டரில் வால்வ் எரிந்துவிட்டது என்றார்.

"சின்ன ஜெட் போட்டீங்களா தம்பி?"

"ஆமா நானா. லீற்றருக்குப் பதினேழு குடுத்துச்சு."

"எங்க அளந்தீங்க?"

"நுவரெலியாவுல ஃபுல் டேங்க் அடிச்சு, நோர்வூட்ல திரும்ப அடிச்சுப் பாத்தேன். அம்பத்தேழு கிலோமீற்றருக்கு 3.3 லீற்றர்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "அது எறக்கம்தானே. நியூட்ரல்ல விட்டீங்களா?"

நானுஓயாவிலிருந்து லிந்துலை வரைக்கும் விட்டிருந்தேன். மலையில் ஓட்டுகிற எல்லோரும் செய்கிறதுதான்.

"போக வர ரெண்டையும் அளந்திருந்தா பன்னெண்டு, பன்னெண்டரைதான் வந்திருக்கும். மிச்சம் மலை குடுத்தது" என்றார். அவர் கேலி செய்யவில்லை. செய்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

செல்வி பன்னிரண்டரைக்குக் கம்பளையில் வந்து இறங்கினாள். பேராதனை நெரிசலில் மாட்டி அவள் போய்ச் சேர்ந்தது பத்தேகாலுக்கு. பெயரை இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள். கடிதத்தில் நேரம் தெளிவாகப் போட்டிருக்கிறதே என்று அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் சொன்னாராம். முக்கால் மணித்தியாலம் நின்று கேட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள்.

காரை அங்கேயே விட்டுவிட்டு ஹட்டன் பஸ்ஸில் ஏறினோம். பஸ் நாவலப்பிட்டியைத் தாண்டியது. பிறகு, என்ன புத்தியோ, நான் கேட்டேன்: "மொதப் பஸ்லயே ஏறியிருக்கலாம்ல?"

அவள் ஜன்னல் பக்கமிருந்து திரும்பவில்லை. "நீங்க இருன்னு சொன்னீங்க" என்றாள்.

இனிப் பயன்படுகிற விடயங்கள். பழுது பார்க்க 68,000 ரூபாயும் ஒன்பது நாளும் ஆனது. இப்போது பழைய ஜெட்டோடு பழையபடி பதினொன்றுதான் ஓடுகிறது. பெற்றோல் மிச்சம் பிடிக்க ஆசையென்றால் முதலில் டயர் காற்று, எயார் ஃபில்டர், பிரேக் பிடித்து இழுக்கிறதா என்பதைப் பாருங்கள். ஜெட் மாற்றத்தான் வேண்டுமென்றால், நீங்கள் ஓடுகிற பாதையிலேயே ஆகத் தாழ்வான ஊருக்கு ஏற்றபடி வையுங்கள். போகவும் வரவும் இரண்டு பக்கமும் அளந்துவிட்டுப் பெருமை பேசுங்கள். எஞ்சின் தட்டினால் உடனே நிறுத்துங்கள்.

செல்வி இன்னும் அதே பள்ளிக்கூடத்துக்குத் தொண்டராகத்தான் போய்வருகிறாள். அவளைவிட வயதில் இளைய இன்னொருத்தி, அன்றைக்குத் தேர்வுக்குப் போனவள், அங்கேயே நிரந்தரமாகி, இப்போது செல்வி எழுதுகிற பாடக்குறிப்பில் கையெழுத்துப் போடுகிறாள்.  செல்வி என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. கூட ஒருவரை ஏற்றிக்கொண்டு போகும்போது வழியில் கார் நின்றால், பொனட்டைத் திறக்காதீர்கள். முதலில் வருகிற பஸ்ஸை மறித்து அவரை ஏற்றிவிடுங்கள், அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் குனிந்து பார்த்துக்கொண்டிருங்கள். பத்து நிமிடம் இரு என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்கள் பேச்சை நம்பி அவர் இருந்துவிடுவார்.