தெரியாத பதிலுக்கு விரல் வைக்க மாட்டேன்

மூணு புடவைக்கு இஸ்திரி போடணும். பெட்டி சூடேறுகிற நேரத்தில் இதை எழுதுகிறேன். டிவி வினாடி வினாவில் பின்னால் உட்கார்ந்து கைதட்டுகிற கூட்டம் இருக்கிறதே, அது நாங்கள்தான். ஒரே நாளில் மூணு நிகழ்ச்சி எடுப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் புடவை மாற்றி, இடம் மாறி உட்காரணும். கைப்பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு, காலடிப்பேட்டையிலிருந்து வேனில் போகிறேன். இறால் கம்பெனியில் ஈரத்தில் நின்றவளுக்கு, உட்கார்ந்தபடி கிடைத்த முதல் வேலை. சிரித்துச் சிரித்தே தாடை வலிக்கிற அக்காமாரே, இது உங்களுக்குத்தான்.

எல்லாரும் பி

போட்டியாளருக்குப் பதில் தெரியாவிட்டால் கூட்டத்தைக் கேட்கலாம். எங்கள் கையில் ஏ, பி, சி, டி என்று நாலு பட்டன். யாரும் அமுக்காமல் இருக்கக் கூடாது என்பது எங்களைக் கூட்டிப்போகிற ஏஜென்ட்டின் சட்டம். அதனால் வேனிலேயே பேசிவைத்துக்கொண்டோம், தெரியாததுக்கெல்லாம் பி.

ஒரு நாள் ஒரு நர்ஸ் பொண்ணு வந்தாள். ஏதோ கோட்டையை எந்த ராஜா கட்டினார் என்று கேள்வி. எங்களில் ஒருத்திக்கும் தெரியாது. திரையில் பி மட்டும் கோபுரமாட்டம் எழும்பி நின்றது. அவள் எங்களைக் கும்பிட்டுவிட்டு பி சொன்னாள். தப்பு. மேல்படிப்புக்குப் பணம் ஜெயிக்க வந்தவள், வெறுங்கையோடு போனாள். ஷூட்டிங் முடிந்து அங்கே குழாயடியில் அவளைப் பார்த்து நான் தலையைக் குனிந்தேன். "கோவமில்லக்கா. தெரியாதுன்னு விட்ருந்தீங்கன்னா நானே யோசிச்சிருப்பேன்" என்றாள்.

கோட்டு போட்டவர்

இன்னொரு நாள் திரையில் நீள வாயும் ஊசிப் பல்லுமாக ஒரு முழு மீன். பேர் என்ன? எங்கள் வேனுக்கு இதைவிடச் சுலபமான கேள்வி உண்டா? அத்தனை பேரும் சீலா என்று அமுக்கினோம். கோட்டு போட்ட போட்டியாளர் எங்களை ஒரு பார்வை பார்த்தார். "இவங்க கைதட்ட வந்தவங்க சார், நாலுல தப்பு ரெண்டை எடுத்துடுங்க" என்று கேள்வி கேட்கிறவரிடம் சொன்னார். மிச்சம் நின்றது சீலாவும் வஞ்சிரமும். வஞ்சிரம் என்று சொல்லித் தோற்றார்.

எனக்குப் பின்னால் மீன் விற்கிற முனியம்மாக்கா. மைக் இருப்பதையெல்லாம் பார்க்கவில்லை. "வறுத்து தட்டுல வச்சாத்தான் மீனு தெரியும் போல, தொரைக்கு!"

முப்பது நொடி

மீஞ்சூரிலிருந்து வந்த ஒருத்தர், உதவிக்குத் தன் அக்கா வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். பேச முப்பது நொடிதான். இவர் கேள்வியைப் படிக்கப் படிக்க, அந்தப் பக்கம், "மாப்ள, டிவிலயா கீற? எந்தச் சேனலு?" என்று ஒரே சந்தோஷம். மணி அடிக்கும்போது அவர் சொன்னது: "இரு, உங்கக்கா பக்கத்துலதான் கீது, குடுக்கறேன்!"

எழுந்து நின்றது

அதே மனுஷன் அப்புறம் எங்கள் பக்கம் திரும்பி, "நீங்களாச்சும் சொல்லுங்கம்மா" என்றார். எனக்குத் தெரியவில்லை. விரல் பி மேல் போனது. அந்த நர்ஸ் பொண்ணு முகம் வந்தது. எடுத்துவிட்டேன். பக்கத்தில் செல்வியும் என்னைப் பார்த்துவிட்டு எடுத்தாள். கணக்கில் ரெண்டு குறைந்தது.

இடைவேளையில் ஏஜென்ட், "எவ அமுக்கல?" என்று கத்தினார். வேனை ஓரமாக நிறுத்தச் சொல்லக்கூட வாய் வராதவள் நான். எழுந்து நின்றேன். "நான்தாண்ணா. தெரியல, அமுக்கல. இனிமேட்டும் தெரியாததுக்கு அமுக்க மாட்டேன்." செல்வியும் எழப் பார்த்தாள், தோளை அழுத்தி உட்காரவைத்தேன். போனால் என் வேலை மட்டும் போகட்டும். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அஞ்சாங்கிளாஸு, நீ எனக்கு நியாயம் சொல்றியா? நாளைக்கு வேன்ல உன் மூஞ்சியப் பாக்கக் கூடாது."

அவர் சொன்ன அந்த 'நாளைக்கு' இன்றைக்குத்தான். ஏற விட மாட்டார், தெரியும். ஆனாலும் போய் வேன் எதிரில் நிற்கத்தான் போகிறேன், அவரே என் மூஞ்சியைப் பார்த்து இன்னொரு தரம் சொல்லட்டும். இந்தத் தொழிலில் நான் கற்றது ஒன்றே ஒன்று: கைதட்டலை வாடகைக்கு விடலாம், சிரிப்பைக்கூட விடலாம், ஆனால் பதிலை மட்டும்...

தெருவில் செல்வி கத்துகிறாள்: "இன்னாடி பண்ணிக்கினு கீற? நீ ஏறாம நாங்க ஒருத்தியும் ஏற மாட்டோம்னு வண்டிய மறிச்சிக்கினு நிக்கிறோம், ஓடியா!"

இதோ வந்துட்டேன்டி, பதிலை மட்டும்