அப்பா கையால் அடித்த கோல்

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டாகிறது. இந்த நினைவு மலரைப் பெறும் உங்களில் பலருக்கு அவர் அந்தக் கோலை அடித்தவர். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கோபப்படுகிறவர்கள் கோபப்படுங்கள்.

ஆரணியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தார் அப்பா. பகலெல்லாம் தறிக்குழியில் மிதிக்கும் கால்கள், சாயங்காலம் வெறுங்காலோடு பந்து உதைக்கும். சுதந்திரம் வந்து சில வருடங்களே ஆன காலம். ஆரணிப் பையன்களின் கால்பந்துக் கழகத்தை யாரும் மதிக்கவில்லை. தேவிகாபுரம் அணியோடு நடந்த இறுதி ஆட்டத்தில், கடைசி நிமிடத்தில் அப்பா தலையால் முட்டிய கோல் கோப்பையைக் கொண்டுவந்தது. அதன்பின் வேலூர், சென்னை என்று அழைப்பு மேல் அழைப்பு. கழகம் கிடுகிடுவென வளர்ந்தது.

அப்பா மட்டும் மறு வருடமே ஆட்டத்தை விட்டுவிட்டார். முட்டி வலி என்றார். சேலையில் ஓர் இழை விட்டுப்போனாலும் தானே முதலாளியிடம் போய்ச் சொல்லிவிடும் மனிதர் அவர். ஆனால் தேவிகாபுரம் பஸ்ஸில் ஏறமாட்டார். அந்தப் பக்கத்துக் கல்யாணங்களுக்கு அம்மாதான் போவார்.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம். ஊசி போட வந்த நர்ஸ், "கையக் காட்டுங்க தாத்தா" என்றார். அப்பா வலக்கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். நர்ஸ் போனதும் என்னிடம் சொன்னார்:

"தலை இல்லம்மா, கை. அந்த கோல்கீப்பர் 'கை, கை'ன்னு கத்திகினே ரெஃப்ரி பின்னாடி ஓடினான். ரெஃப்ரி என்னைக் கேட்டாரு. தலைதான்னு சொல்லிட்டேன். அவன் இன்னும் கத்திகினே கீறான்மா. நீ போய் சொல்லிடு."

அய்யோ அப்பா, இத்தனை வருடம் இதையா சுமந்தீர்கள்!

காரியம் முடிந்ததும் தேவிகாபுரம் போனேன். கோல்கீப்பரும் காலமாகிவிட்டிருந்தார். அவர் மனைவியிடம் சொன்னேன்.

"சாவுற வரைக்கும் சொல்லிகினேதான் இருந்தாருங்க. தோத்ததுக்கு சாக்கு சொல்றாருன்னு ஊரே சிரிச்சுது. நானும் சிரிச்சேன்."

மன்னிப்புக் கேட்டேன். "எங்கிட்ட எதுக்குங்க? புஸ்தகம் போடுவீங்களே, அதுல போடுங்க" என்றார்.

ஆஸ்பத்திரியில் இரவுபகல் துணையிருந்த சொந்தங்களுக்கும், தோள் கொடுத்துத் தூக்கிய கழகத்தாருக்கும், கதவைச் சாத்தாத அந்த அம்மாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அவர் கேட்டபடி போட்டுவிட்டேன். தேவிகாபுரத்துக் கோல்கீப்பர் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னவர் என் அப்பா.

– மூத்த மகள்