பிரதமருக்குத் தமிழில் நான்

பகலில் எனக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் ஒரு மருந்துக்கடையில் வேலை. மாலையில் ஈஸ்ட் ஹாமில், ஒரு நகைக்கடைக்கு மேலுள்ள சின்ன அறையில் இயங்கும் எங்கள் தமிழ் வானொலிக்கு ஓடுவேன். பிரிட்டிஷ் பிரதமர் பேசினால் அதை உடனுக்குடன் தமிழில் சொல்வது என் பொறுப்பு. சம்பளம் கிடையாது. பிரதமர் எப்போதாவது ஒருநாள்தானே வாசலுக்கு வந்து பேசுவார் என்று நினைத்து ஆரம்பத்தில் தலையாட்டிவிட்டேன். நல்ல புத்திசாலி நான்.

இப்போதெல்லாம் ஓயாமல் வாய் திறப்பதே பிரதமர் வேலை என்றாகிவிட்டது. எரிவாயு பில், ஆஸ்பத்திரி வரிசை, எங்கோ நடக்கும் போர், கால்பந்துத் தோல்வி, எதற்கும் உடனே ஒரு சொல் வேண்டும். பேசாவிட்டால் ஒளிந்துகொண்டார் என்பார்கள். பேசினாலோ சொந்தக் கட்சிக்காரர்களே அடுத்த ஆளைத் தேடத் தொடங்குவார்கள். ஒருவருடைய பேச்சு எனக்குப் பழகுவதற்குள் அடுத்தவர் வந்துவிடுகிறார்.

வானொலியை நடத்தும் அண்ணை ஜெர்மனியில் இருந்துவிட்டு இங்கே வந்தவர்.

"பிள்ளை, மைக் மேசையை வெளியில வைச்சிட்டாங்கள், ஓடி வா!"

அவர் இப்படிப் போனில் கூப்பிட்டாலே எனக்குத் தெரிந்துவிடும். பிரதமர் வீட்டின் அந்தக் கறுப்புக் கதவுக்கு முன்னால் மேசை வந்தால் ஒன்று ஆள் போகப்போகிறார், இல்லையென்றால் யாருக்கோ கெட்ட செய்தி.

மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. 'பிரதமர் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாது. அவர் 'நான்' என்றால் நாமும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். 'நான் பதவி விலகுகிறேன்' என்று நான் சொன்ன மறுநாள் மரக்கறிக் கடைக்காரர், "எங்கட பிரதமர் வாறா, நல்ல முருங்கைக்காயாப் பாத்துக் குடுங்கோ" என்று கத்தினார். உள்ளூர எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

மன்னாரில் இருக்கும் என் கணவரும் தூங்காமல் காத்திருந்து இணையத்தில் கேட்பார். கல்யாணம் முடிந்து ஒரு மாதம்தான் சேர்ந்து இருந்தோம். கணவரை இங்கே அழைக்க வேண்டுமானால் எனக்குக் குறிப்பிட்ட அளவு வருமானம் இருக்க வேண்டும். அந்த வரம்பைத் தொடுவதற்காக ஞாயிறு பூசையையும் விட்டுவிட்டு மேலதிக ஷிப்டுகள் செய்தேன். அடுத்த மாதம் விசாவுக்கு விண்ணப்பிப்பதாக இருந்தோம்.

அந்த நாட்களில் பிரதமரின் நாற்காலி ஆட்டம் கண்டிருந்தது. அதைக் காப்பாற்ற யார் வயிற்றிலாவது அடிப்பார் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். யார் வயிற்றில் என்பதுதான் தெரியவில்லை. அண்ணை அழைத்ததும் ஓடிப்போய் ஹெட்போனை மாட்டினேன். கெட்ட செய்திக்கு முன்னால் பிரதமர்கள் எச்சில் விழுங்குவார்கள். தொலைக்காட்சியில் தெரியாது, காதுக்குள் கேட்கும். இவரும் விழுங்கினார்.

குடியேற்றம் என்றார். பிறகு குடும்பங்கள் என்றார். பிறகு வருமான வரம்பை உயர்த்தப்போவதாகச் சொன்னார். புதிய வரம்பு, இரவு பகலாக உழைத்தாலும் என் சம்பளம் எட்டாத உயரத்தில் இருந்தது. அந்த மனிதர்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பதவிப் பயம் அவருக்கு, தண்டனை எனக்கா? கண்ணாடிக்கு அப்பால் அண்ணை கையைச் சுழற்றி, சொல்லு சொல்லு என்று சைகை காட்டினார். இந்த ஒரு தடவை மட்டும் 'பிரதமர் சொல்கிறார்' என்று தொடங்கினால் என்ன என்று தோன்றியது. அதற்குள் வாய் பழக்கத்தில் ஓடிவிட்டது.

"இந்த முடிவை நான் எடுத்திருக்கிறேன். துணைவரை அழைக்க விரும்புகிறவர்கள் இன்னும் அதிகமாகச் சம்பாதித்துக் காட்ட வேண்டும். இதற்காக நான் வருந்தவில்லை."

என் குரல் நடுங்கக்கூட இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பொறுக்கவில்லை.

படியிறங்கி வீதிக்கு வந்ததும் கணவரின் அழைப்பு வந்தது. எடுத்தேன்.

"கேட்டனீங்களோ?" என்றேன்.

"ஓம்."

"இன்னும் சட்டமாகேல்லையப்பா. இந்தாளே எத்தினை நாளைக்கு இருப்பாரோ தெரியாது. புது ஆள் வந்தா எல்லாத்தையும் மாத்துவினம். அந்தாள் சொல்லுறதையெல்லாம் நம்பாதேங்கோ."

"அந்தாள் சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டன்," என்றார். "நீரெல்லோ சொன்னனீர்."