மில்லில் விட்டுவந்த அசன அண்டா

தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் நான் எடுக்கமாட்டேன். எடுக்காமல் விட்டுவிட்டு, ஒருவேளை ஆஸ்பத்திரியிலிருந்து இருக்குமோ என்று பொழுதுக்கும் கிடந்து மறுகுவேன். போன வருஷம் ஒரு வியாழக்கிழமை என்ன தோன்றியதோ, எடுத்துவிட்டேன். பழைய மில் கட்டடத்து மேனேஜர் பேசினார். உங்கள் பெரிய பாத்திரம் ஒன்று ஸ்டோர் ரூமில் கிடக்கிறது, நாளைக்குள் எடுக்காவிட்டால் குப்பையில் போட்டுவிடுவோம் என்றார். சமையல் பொறுப்பு என்று அந்தக் கதவில் என் நம்பரைத்தான் ஒட்டி வைத்திருந்தோம்.

நியூஜெர்சியில் ஆற்றோரமாக இருக்கிற செங்கல் கட்டடம் அது. ஒரு காலத்தில் பட்டு நெய்தார்களாம். அதன் மூன்றாவது மாடியை ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மட்டும் எடுத்து எங்கள் தமிழ்ச் சபை பதினோரு வருஷம் கூடியது. மரத்தரை. வெயில் ஏறினால் பலகைக்குள்ளிருந்து பழைய மெஷின் எண்ணெய் வாசம் கிளம்பும். முழங்காலிட்டு ஜெபம் பண்ணி எழுந்தால் பிள்ளைகளின் வெள்ளை ஃபிராக்கெல்லாம் கறை. திட்டிக்கொண்டே துவைப்பேன். இப்போது துவைக்க அந்தக் கறை இல்லை.

வருஷத்துக்கு ஒருநாள் அசனம் வைப்போம். திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் வைக்கிற மாதிரியேதான். பெரியவர் சின்னவர் எல்லோரும் தரையில் ஒரே பந்தியாக உட்கார்ந்து சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் சாப்பிட வேண்டும். அதற்காகவே ஊரிலிருந்து கப்பலில் வந்தது அந்த அண்டா. குழம்புக்கு நானும் அக்காவும். கூடப்பிறந்த அக்கா இல்லை. தூத்துக்குடிக்காரி, இங்கே நர்ஸ். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். அவள் அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. இந்த நாட்டில் என்னை ஊர்ப்பேச்சில் ‘ஏட்டி’ என்று கூப்பிட்ட ஒரே ஆள் அவள்தான்.

“ஏட்டி, உப்பு பாத்தியா?”

“பாத்தேங்க்கா.”

“எத்தன தடவ?”

“நாலு.”

“அப்ப கொழம்பு பாதி ஒன் வயித்துக்குள்ளதான் கெடக்கு.”

பிறகு சபை இரண்டானது. பிள்ளைகளுக்குப் புரியவில்லை, ஆராதனையை இங்கிலீஷில் வைக்க வேண்டும் என்றாள் அக்கா. தமிழ்ச் சபையில் தமிழ்தான் என்றார் என் வீட்டுக்காரர். கடைசி மீட்டிங்கில் அவர் அக்காவைப் பார்த்து, “உங்க புள்ளைங்களுக்கு வீட்ல தமிழ் சொல்லிக்குடுக்காதது எங்க தப்பா?” என்று கேட்டுவிட்டார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் மகனும் வீட்டில் இங்கிலீஷ்தான் பேசுவான். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். நான் குனிந்து சேலை முந்தியை மடித்துக்கொண்டிருந்தேன். அதோடு பேச்சு நின்றது. இரண்டு வருஷம்.

அண்டாவை அவர்கள் எடுக்கக்கூடாது என்று இவர்களும், இவர்கள் எடுக்கக்கூடாது என்று அவர்களும் சொன்னதில் அது அங்கேயே கிடந்தது. இரண்டு பக்கமும் இடத்தைக் காலிபண்ணின பிறகு கட்டடம் கைமாறி, மாடிக்கு மாடி துப்பாக்கிக் கடைகளாக ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமை வீட்டுக்காரரிடம் சொல்லாமல் கிளம்பினேன். ஹைவே பயம், உள்ரோட்டிலேயே ஊர்ந்து போனேன். மாடிப்படியெல்லாம் கேமரா. கைப்பையைத் திறந்தால் சந்தேகப்படுவார்களோ என்று மூக்கைத் துடைக்கக்கூட டிஷ்யூ எடுக்கவில்லை. மூன்றாவது மாடியில் எங்கள் ஹாலை நாலைந்து கடையாகத் தடுத்திருந்தார்கள். ஜன்னலுக்கெல்லாம் கம்பி. பந்தி போட்ட இடத்தில் கண்ணாடிப் பெட்டிகள், சுவர் நிறைய நீளத் துப்பாக்கிகள். தரை மட்டும் அதே தரை.

கடைக்காரர் வயசானவர், நல்ல மாதிரி. அண்டாவைக் காட்டிவிட்டு, “ஒரு பக்கம் நான் பிடிக்கட்டுமா?” என்று கேட்டார். “வேண்டாம், என் அக்கா வருகிறாள்” என்று சொல்லிவிட்டேன். எங்கிருந்து அந்த வார்த்தை வந்ததோ தெரியாது. சொன்ன பிறகு என்ன செய்வது? மனுஷன் எதிரிலேயே நிற்கிறார். அவள் நம்பரை அழுத்தினேன்.

“எங்கட்டி இருக்க?” இரண்டு வருஷம் கழித்துப் பேசின முதல் பேச்சு அது.

“நம்ம மில்லுல. துப்பாக்கிக் கடைக்குள்ள.”

“யாரச் சுடப் போற?”

“அண்டாவ எடுக்கணுங்க்கா. தனியாத் தூக்க முடியல.”

“அங்கனயே நில்லு. எதையும் தொட்டுத் தொலையாத.”

அரைமணி நேரத்தில் டியூட்டி உடுப்போடு வந்து நின்றாள். முன்நெற்றி முழுக்க நரைத்திருந்தது. நான் பார்க்காத நரை. அண்டாவின் காதை ஆளுக்கொன்றாகப் பிடித்து, கண்ணாடிப் பெட்டிகளில் இடிக்காமல் பக்கவாட்டில் நடந்தோம். நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினாள்.

“அக்கா, அன்னைக்கு மீட்டிங்ல நான்…”

“சவத்தத் தள்ளு. பிடிய விட்றாத, கால்ல விழும்.”

அவ்வளவுதான். சொல்ல விடவில்லை. சொல்லியிருந்தால் மனசு ஆறியிருக்குமோ என்னவோ. படியிறங்கிக் கீழே வந்தால், என் காருக்குள் அண்டா நுழையாது. அவள் வேனில்தான் ஏற்றினோம். அவள் பக்கத்தில் நிற்கிற நேரம் முடியப்போகிறதே என்று, கட்டின கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினேன். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். வண்டியை எடுக்கும்போது மட்டும், “அசனத்துக்கு வந்துரு” என்றாள்.

எந்தப் பக்கத்து அசனம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவளும் யோசித்துவிடுவாளோ என்று பயம்.

எங்கள் பக்கத்து அசனம் போன மாதம் முடிந்தது. அலுமினிய ட்ரேயில் வாங்கின பிரியாணி, பிளாஸ்டிக் நாற்காலி. வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அவள் வரவில்லை. அவர்கள் பக்கத்து அசனம் வருகிற சனிக்கிழமையாம். வீட்டுக்காரரிடம் இன்னும் வாய் திறக்கவில்லை. கட்டிக்கொள்ள ஒரு காட்டன் சேலையை மட்டும் எடுத்து இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன்.