நாலு பிள்ளைக்கு ஒரு பயிற்சிப் புத்தகம்

அந்த வீட்டின் முன்னறைச் சுவரில் ஒரு பலகை தொங்கியது. நீல எழுத்தில் ‘விசுவாச இல்லப் பள்ளி’ என்றிருக்கும். அதன் கீழே ‘பிரின்சிபால்’ என்று வீட்டுக்காரரின் பெயர், தெருவில் போகிறவனும் படிக்கிற அளவுக்குப் பெரிதாக. அதற்கும் கீழே, பலகையில் கொஞ்சம் இடம் மிஞ்சிவிட்டதே என்று சேர்த்ததுபோல, ‘உதவி ஆசிரியை’. உதவி ஆசிரியைக்குப் பெயர் எதற்கு? மனைவிதானே.

பிரின்சிபாலுக்குத் தொழில் கண்ணாடிக் கடை. ஜன்னலுக்கும் அலமாரிக்கும் அளவெடுத்துக் கண்ணாடி வெட்டிக் கொடுப்பார். காலை ஆறரை மணிக்கு நான்கு பிள்ளைகளையும் வரிசையாக உட்காரவைத்து அரை மணி நேரம் வேதபாடம் நடத்துவார். நடத்தி முடித்ததும், ஒரு பள்ளிக்கூடத்தையே தோளில் சுமந்து இறக்கியவர்போலப் பெருமூச்சு விட்டு, டீயைக் குடித்துவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிடுவார். கணக்கு, மொழி, அறிவியல், வரலாறு, பூகோளம் என்று மீதி எல்லாம் உதவியின் தலையில். அவள் ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் சிவப்புப் பேனாவுமாக, சமையலறைக்கும் சாப்பாட்டு மேசைக்கும் இடையில் பத்து வருடமாக நடந்துகொண்டிருந்தாள். அந்த நடையை நேர்க்கோட்டில் நடந்திருந்தால் ஒரு கண்டத்தையே தாண்டியிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் யாராவது, “உங்க ரெண்டாவது பையன் எத்தனாவது படிக்கிறான்?” என்று கேட்டுவிட்டால் பிரின்சிபால் மோவாயைத் தடவுவார். “அந்த வரிசையெல்லாம் உலகத்தார் வச்சது. நாங்க ஞானத்துல வளர்க்கிறோம்” என்பார். பையன் எத்தனாவது படிக்கிறான் என்பது அவருக்குத் தெரியாது. அதை ஞானம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள மட்டும் தெரியும்.

இந்தப் பள்ளி பிறந்த கதையையும் சொல்லிவிடவேண்டும். மூத்தவளுக்கு அப்போது ஏழு வயது. ஊருக்குள் இருந்த சாதாரணப் பள்ளிக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் டீச்சர் வெயிலில் பிள்ளைகளை நிறுத்தி, தோட்டக் குழாயின் வாயை விரலால் அடைத்துத் தண்ணீரைத் தூவி வானவில் காட்டியிருக்கிறார். பிள்ளை வீட்டுக்கு ஓடிவந்து, “அப்பா, வானவில்லை நாமளே செய்யலாம்பா!” என்றது. அவ்வளவுதான். கடவுள் வானத்தில் வைத்த அடையாளத்தைக் குழாயடியில் செய்துகாட்டுகிற பள்ளிக்கு இனி என் பிள்ளை போகாது என்று தீர்ப்பாகிவிட்டது. அவருடைய கடையில், சாய்த்து இழைத்த கண்ணாடி விளிம்பில் வெயில் பட்டு, தினமும் மூன்று மணிக்கு எதிர்ச்சுவரில் ஏழு நிறமும் வரிசையாக விழும். அதன் மேலேயே முதுகைச் சாய்த்து உட்கார்ந்துதான் மனிதர் கணக்கு எழுதுவார். திரும்பிப் பார்க்கவேண்டுமென்று ஒருநாளும் தோன்றியதில்லை.

பள்ளியை விட்டு நிறுத்திய மாதமே வெளிநாட்டு மிஷன் அச்சகம் ஒன்றிலிருந்து பெட்டி வந்தது. எல்லா வகுப்புக்கும் பயிற்சிப் புத்தகம், புத்தகத்திலேயே விடை எழுதக் கோடு போட்டது. ஒரே ஒரு செட். அப்போது படிக்கிற வயதில் பிள்ளை இரண்டு, பின்னால் நான்காயிற்று. செட் ஒன்றாகவே இருந்தது. அதனால் பிரின்சிபால் ஒரு சட்டம் போட்டார்: பிள்ளைகள் பென்சிலில் எழுதவேண்டும், வருடக் கடைசியில் ரப்பரால் அழித்து அடுத்த பிள்ளைக்குக் கொடுக்கவேண்டும். ஆனால் சரியென்று போடுகிற குறி மட்டும் சிவப்பு மையில்தான் இருக்கவேண்டும், சாட்சி நிற்கவேண்டும்.

சாட்சி நின்றது. விடை அழிந்துபோன கோட்டுக்குப் பக்கத்தில் சிவப்புக் குறி மட்டும் பத்து வருடமாக நின்றது. மூத்தவள் பென்சிலை அழுத்தி எழுதுகிற பிள்ளை. ரப்பர் கரியை எடுத்ததே தவிர, தாளில் விழுந்த பள்ளத்தை எடுக்கவில்லை. அடுத்த மூன்றும் இதை வெகு சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டன. பக்கத்தை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தால் அக்காவின் விடை தெரியும். கடைக்குட்டி இன்னும் கெட்டி. கண்ணே வேண்டாம், விரலால் தடவியே படித்துவிடுவாள். சிவப்புக் குறி இருக்கிறது, பள்ளம் இருக்கிறது, அப்புறம் யோசிப்பானேன்? நான்கு பிள்ளைகளும் வருடா வருடம் நூற்றுக்கு நூறு. பிரின்சிபால் முத்திரை குத்தி, பிளாஸ்டிக் உறை போட்டு, சுவரெல்லாம் சான்றிதழாகத் தொங்கவிட்டார்.

இதில் ஒரு சின்னக் குறை இருந்தது. பெட்டியில் வந்த விடைப் புத்தகங்களில் ஆறாம் வகுப்புக் கணக்குக்கானது இல்லை. பெட்டி வந்த அன்றைக்கே உதவி ஆசிரியை சொன்னாள்.

“என்னங்க, ஆறாவது கணக்குக்கு விடைப் புத்தகம் வரலை. ஒரு லெட்டர் போடுங்களேன்.”

“ஜெபம் பண்ணிட்டுச் சொல்லிக் குடு. கர்த்தர் போதிப்பார்.”

கர்த்தருக்கு வேறு வேலை இருந்திருக்கவேண்டும். ஒரு கடிதம் போட்டிருந்தால் முடிந்துபோகிற காரியம். அவள் படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்துவைத்துப் பல வருடம் ஆகியிருந்தது. பின்னத்தால் வகுப்பது எப்படி என்று மங்கலாகத்தான் நினைவிருந்தது. அரையால் வகுப்பதென்றால் பாதியாக்குவது என்று அவளே ஒரு முடிவுக்கு வந்தாள். ஆறை அரையால் வகுத்தால் மூன்று. மூத்தவள் மூன்று என்று அழுத்தி எழுதினாள். அம்மா சிவப்புக் குறி போட்டாள். அந்த மூன்று, பள்ளமாக, பிள்ளைக்குப் பிள்ளை இறங்கியது.

மூத்தவளுக்குப் பதினேழு ஆயிற்று. நர்ஸ் படிப்புப் படிக்கவேண்டும் என்று அவளுக்கு ஒரே ஆசை. அதற்குப் பள்ளி இறுதித் தேர்வு எழுதியிருக்கவேண்டும். தனியாகப் படித்தவர்களும் எழுதலாம் என்று தெருமுனை மருந்துக்கடைக்காரம்மா சொல்லி, விண்ணப்பத்தையும் வாங்கிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை கடைசி நாள். திங்கட்கிழமை காலை வேதபாடம் முடிந்த கையோடு மூத்தவள் அதை அப்பாவின் முன்னால் வைத்தாள்.

“இது என்னது?”

“பரீட்சை எழுதறதுக்குப்பா. கையெழுத்து வேணும்.”

“யார் யாருக்குப் பரீட்சை வைக்கிறது? உனக்கு நான் சர்ட்டிபிகேட் குடுக்கலையா? சுவத்தப் பாரு. ஒரு சப்ஜெக்ட்ல ஒரு மார்க் குறைஞ்சிருக்கா?”

“அதை காலேஜ்ல ஒத்துக்க மாட்டாங்கப்பா.”

“ஒத்துக்காத காலேஜு நமக்கு எதுக்கு? பொம்பளப் பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில ராத்திரி டூட்டி பாக்கிற பிழைப்பு வேண்டாம். மடிச்சு வை.”

மூத்தவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அடுப்பைப் பார்த்தாள். அந்த நேரத்தில் அம்மாவுக்கு நெஞ்சு லேசானது என்பதை இங்கே மறைக்காமல் சொல்லவேண்டும். மகள் தேர்வு எழுதினால், எழுதப்போவது மகள் மட்டுமல்லவே. பத்து வருடமாக ஒருவரும் திருத்திப் பார்க்காத தன் பாடத்தை முன்பின் தெரியாதவர்கள் திருத்திவிடுவார்கள். நல்லவேளை, அவரே வேண்டாம் என்றுவிட்டார். ஒரு சர்வாதிகாரிக்குக் கீழே இருப்பதில் இப்படியும் ஒரு சுகம் உண்டு: கோழைத்தனத்துக்குக் கீழ்ப்படிதல் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம்.

புதன்கிழமை கடைக்குட்டிக்குக் காய்ச்சல். அம்மாவும் மூத்தவளும் மருந்து வாங்கப் போனார்கள். மருந்துக்கடைக்காரம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“என்னம்மா நர்ஸு, ஃபாரம் குடுத்தாச்சா?”

“அப்பா வேண்டாம்னுட்டாரு ஆன்ட்டி.”

“அப்பா கையெழுத்துன்னு எங்க போட்டிருக்கு? பெற்றோரில் ஒருவர்னுதானே போட்டிருக்கு. அம்மா ஒருத்தி உனக்கு இருக்காள்ல?” என்று அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, “சரி, அது இருக்கட்டும். கணக்கு வருமா உனக்கு? நர்ஸுக்கு அதுதான் முக்கியம்” என்று ஒரு காலி மருந்துப் பெட்டியைக் கிழித்து அதன் உட்புறத்தில் எழுதினார். ஆறு வகுத்தல் அரை.

மூத்தவள் பென்சிலை வாங்கி, ஒரு நிமிடம்கூட யோசிக்காமல், அழுத்தி எழுதினாள்: மூன்று.

மருந்துக்கடைக்காரம்மா அம்மாவிடம் நீட்டினார். “சரியா பாருங்க, டீச்சரம்மா.”

“சரிதானே” என்றாள் அவள்.

மருந்துக்கடைக்காரம்மா சிரிக்கவில்லை. ஒரு அட்டை மாத்திரையை எடுத்து மேசையில் வைத்தார். “இதுல ஆறு இருக்கு. சின்னவளுக்கு வேளைக்கு அரை மாத்திரை குடுங்க. எத்தனை வேளைக்கு வரும்?”

“பன்னெண்டு வேளை” என்றாள் அவள் உடனே. எத்தனை காய்ச்சல் பார்த்தவள்.

சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது. ஆறு மாத்திரை கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் மினுமினுத்தது. அதற்குப் பக்கத்திலேயே கிழித்த பெட்டியில் ‘மூன்று’ உட்கார்ந்திருந்தது. கைக்கு எப்போதும் தெரிந்திருந்தது. சிவப்புப் பேனாவுக்குத்தான் தெரியவில்லை. மூத்தவளின் முகம் வெளுத்துவிட்டது.

“அம்மா, அப்ப அந்தப் புத்தகம் முழுக்க…”

“வீட்டுக்கு வா” என்றாள் அவள்.

வீட்டில் ஆறாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கம் பக்கமாக விரலால் தடவினாள். பதினாலு பக்கம் தவறு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தன் கையால் போட்ட சிவப்புக் குறி. இதை அடித்தளமாக வைத்துத்தான் ஏழாவது, எட்டாவது. வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது. அந்த மனுஷன் ஒருநாளாவது, ஒரு பக்கத்தையாவது புரட்டிப் பார்த்திருந்தால்? அவருக்குக் கண்ணாடி வெட்டத் தெரியுமே. அளவு தெரியாதவரா?

வியாழக்கிழமை பிற்பகல் அவள் கடைக்குப் போனாள். பிரின்சிபால் வழக்கம்போல ஏழு நிறத்தின் மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். அலமாரிக்குக் கண்ணாடி வாங்க வந்த தச்சுவேலைக்காரர் ஒருவர் ஸ்டூலில் இருந்தார்.

“வாங்க அண்ணி, என்ன இந்தப் பக்கம்? ஸ்கூலுக்கு லீவா?”

“ஒரு சந்தேகம் கேக்க வந்தேன்” என்றாள் அவள். கணவரைப் பார்த்து, “என்னங்க, ஆறடி கண்ணாடியை அரையடி அரையடியா பட்டை போட்டா எத்தனை பட்டை வரும்?”

“பன்னெண்டு. இதைக் கேக்கவா வெயில்ல வந்த? பச்சைப் பிள்ளைக்குத் தெரியும்.”

“உங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தெரியாதுங்க. அங்க மூணு.”

புத்தகத்தை மேசையில் விரித்து வைத்தாள். அவர் பக்கத்தைப் பார்த்தார். வெறும் கோடு. “எங்க மூணு? ஒண்ணும் எழுதலையே?”

“தடவிப் பாருங்க.”

விசுவாச இல்லப் பள்ளியின் பிரின்சிபால், பத்து வருடத்தில் முதல்முறையாக, தன் பள்ளியின் பாடப்புத்தகத்தைத் தொட்டார். தச்சுவேலைக்காரரும் எட்டி விரலை வைத்தார். “அட, ஆமாண்ணே, மூணு இருக்கு! டிக்கும் போட்டிருக்கு. இந்தக் கணக்குல கண்ணாடி வெட்டினா ரொம்ப சீப்பா இருக்குமே. எனக்கும் அப்படியே வெட்டிக் குடுத்துருங்க” என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

“நீதானே சொல்லிக் குடுத்த?” என்று பிரின்சிபால் சீறினார். பதவி ஆட்டம் கண்டதும் எல்லாப் பெரியவர்களும் செய்வதைத்தான் அவரும் செய்தார். “டிக் போட்டது உன் கைதானே? தப்பு உன்னுது.”

“ஆமா. சொல்லிக் குடுத்தது நான். தப்பு என்னுது. மறுக்கலை” என்றாள் அவள். “அப்ப ஃபாரத்துல சொல்லிக் குடுத்தவங்கன்னு இருக்கிற இடத்துல நான்தான் கையெழுத்துப் போடணும். பெத்தவங்கன்னு இருக்கிற இடத்துலயும் நான் போட்டுடறேன். உங்களைக் கேக்க வரலை, சொல்ல வந்தேன்.”

“வீட்டுக்குத் தலைவன் ஒருத்தன் இருக்கான்ங்கிறதை மறந்துட்டுப் பேசற.”

“தலைவருக்குப் பன்னெண்டு தெரிஞ்சிருக்கு. பத்து வருஷமா பிள்ளைங்களுக்கு அதைச் சொல்ல நேரம் இல்லை.”

தச்சுவேலைக்காரர் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, அவசரமாக ஒரு ஆணியை ஆராய ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமை காலை வேதபாடத்தில் பிரின்சிபால் கீழ்ப்படிதலைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். வழக்கத்தைவிடப் பத்து நிமிடம் கூடுதல். அவள் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே கேட்டாள். அவர் கடைக்குப் போனதும் புடவையை மாற்றிக்கொண்டு மூத்தவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். தேர்வு அலுவலகத்தில் நீளமான வரிசை. கவுன்டரில் இருந்தவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பயிற்றுவித்தவர் யாரும்மா?”

“நான்.”

“என்ன படிச்சிருக்கீங்க?”

“கொஞ்சம்தான். இப்பதான் மறுபடி படிக்க ஆரம்பிச்சிருக்கேன், ஆறாவதுல இருந்து.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். கேலி இல்லை என்று தெரிந்ததும் முத்திரையைக் குத்தி ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். மூத்தவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வரும்வரை மூச்சு விட்டாளா என்று தெரியவில்லை.

“அம்மா, தேர்வுக்கு நாலு மாசம்தான் இருக்கு. பின்னம் முழுக்கப் புதுசா போடணும்.”

“போடுவோம். மருந்துக்கடை ஆன்ட்டி சாயங்காலம் வரச் சொல்லியிருக்காங்க. ரெண்டு பேரையும்தான்.”

வீட்டுக்கு வந்தபோது கடைக்குட்டி காய்ச்சல் விட்டு எழுந்து, மேசையில் ஆறாம் வகுப்புப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். கையில் ரப்பர்.

“அம்மா, இந்தச் சிவப்பு டிக்கு போகவே மாட்டேங்குது. எவ்வளவு தேய்ச்சும்.”

“மை போகாது. விடு.” அவள் சிவப்புப் பேனாவை எடுத்துச் சின்னவளின் கையில் கொடுத்தாள். “குறிக்கு மேல ஒரு கோடு அடிச்சிட்டு, பக்கத்துல பன்னெண்டுன்னு எழுது. நல்லா அழுத்தி எழுது.”