வட்ட ஓட்டை

ரயில் டிக்கெட் கவுண்டரின் கண்ணாடியில் ஒரு வட்ட ஓட்டை. குனிந்ததும் எங்கள் ஊர்ப் பொட்டல் ஞாபகம் வந்தது.

ஐம்பதுகளில் அங்கே பலகைக் கற்களால் கட்டிய இரண்டு சின்ன அறைகள் இருந்தன. இரண்டுக்கும் நடுவில் நின்ற கல்லில் இதே போல ஓர் ஓட்டை. அதுதான் எங்கள் விளையாட்டு வீடு. என் தங்கை ராணி எப்போதும் பக்கத்து வீட்டுச் செல்லத்தோடு ஓர் அறையில் ஒட்டிக்கொள்வாள். அவர்கள் சிரிப்பு ஓட்டை வழியாக வரும். இந்தப் பக்கம் நான் தனியாக வயிறெரிந்து உட்கார்ந்திருப்பேன்.

ஒருநாள் அந்தப் பழைய கற்களை அளக்க வந்த ஆபீசர், "அந்தக் காலத்துல குடும்பமே ஒண்ணா அடங்குன கல்லறைம்மா இது" என்றார்.

ராணி உடனே சொன்னாள்: "அப்ப நானும் செல்லமும் இங்கிட்டு. அக்கா அங்கிட்டு."

"எங்கம்மா போகணும்?" என்றார் கவுண்டர்க்காரர்.

"புதுக்கோட்டைக்கு ஒண்ணு."

ராணி செத்துவிட்டாள். தலைமாட்டில் இந்நேரம் செல்லம் உட்கார்ந்திருப்பாள்.